லாரிப் பட்டைக்குத் துவைச்சல்

“லாரிப் பட்டைங்க, அசல் பட்டை” என்று கத்தி விற்பவர் சொன்னதுமே பாதிப் பேர் பேரத்தை விட்டுவிட்டு வாங்கிவிடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு சொல் போதாது. லாரியின் ஸ்பிரிங் பட்டை நல்ல சரக்குதான், சந்தேகமில்லை. ஆனால் லாரிக்கு அடியில் இருந்தபோது அதற்கு வேண்டியிருந்த குணம் வேறு. வெங்காயம் நறுக்கவும் இளநீர் சீவவும் வேண்டிய குணம் வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வேலை உலையடியில் சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது. அந்தச் சில நிமிஷங்களில் கை தவறினால், அசல் பட்டையில் செய்த கத்தியும் ஒரு மாதத்தில் பரணுக்குப் போய்விடும்.

இதை நான் இரண்டு இடங்களில் நின்று கற்றுக்கொண்டேன். ஒன்று, பூவிருந்தவல்லி தாண்டித் திருமழிசைப் பக்கம் இருந்த பெரியப்பாவின் பட்டறை. மற்றது, எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த, அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் கம்பெனி.

அந்தக் காலத்தில் சென்னைக்கு மேற்கே எங்கு திரும்பினாலும் இரும்பு வேலைதான். பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா. அம்பத்தூரில் 1949-லிருந்து டி.ஐ. சைக்கிள்ஸ். ஆவடியில் 1961-ல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-ல் விஜயந்தா டாங்கி அங்கிருந்துதான் வெளியே வந்தது. இந்தப் பெரிய ஆலைகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற சின்னச் சின்னக் கம்பெனிகள் எஸ்டேட் முழுக்க. காலை ஷிஃப்ட்டுக்குப் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயில் நின்றால் டிபன் பாக்ஸும் கையுமாக ஒரு கூட்டம் இறங்கும். லேத்தில் கடைந்தது, மில்லிங்கில் வெட்டியது, பிரஸ்ஸில் அடித்தது எல்லாம் கடைசியில் எங்களைப் போன்ற கம்பெனிக்குத்தான் ஜாப் ஒர்க்காக வரும். பல்சக்கரமோ பஞ்ச்சோ வாஷரோ, சூடு காட்டி இறுக்கித் தந்தால்தான் அது வேலைக்கு ஆகும்.

பெரியப்பாவின் பட்டறைக்கு வந்தவர்கள் வேறு மாதிரி. செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் அறுப்பவர்கள், தென்னை ஏறுபவர்கள், பூவிருந்தவல்லிக் கறிக்கடைக்காரர்கள், நெடுஞ்சாலையோரம் இளநீர் விற்பவர்கள். கதிர் அரிவாள், வெட்டுக் கத்தி, கறி வெட்டும் கத்தி, அரிவாள்மனை, இவ்வளவுதான் அவர் செய்தது. நீளமாக வேண்டுமென்று யாராவது வந்து காதோரம் பேசினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். 9 அங்குலத்துக்கு மேல் நீளம், 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்று ஆயுத விதிகளில் கணக்கு இருப்பதும், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆன கருவிகளுக்கு அதில் விலக்கு இருப்பதும் அவருக்குத் தெரியும். வந்தவரின் கை எந்த வேலை செய்கிற கை என்று பார்த்துத்தான் இரும்பை எடுப்பார்.

அவருடைய அப்பா காலத்தில் மாட்டுவண்டிச் சக்கரத்துப் பட்டாவும் இரும்புத் துண்டுகளும்தான் சரக்கு. லாரிகள் பெருகியதும் ஸ்பிரிங் பட்டை வந்தது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் இருந்த ஸ்பிரிங் ஒர்க்ஸ் கடைகளில் உடைந்த பட்டைகளை எடைக்குப் போடுவார்கள். கிடைக்காவிட்டால் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போக வேண்டும். உடைந்த பட்டையை எடுத்துவந்து உடனே உலையில் வைத்து நான் பார்த்ததில்லை. பல வருஷம் மேடு பள்ளத்தில் வளைந்து நிமிர்ந்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். நடு போல்ட்டு ஓட்டையைச் சுற்றி கட்டாயம் இருக்கும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்து மண்ணெண்ணெயில் ஊறப் போடுவார். பிறகு துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு மேலே சுண்ணாம்புத் தூளைத் தூவி நிழலில் வைப்பார். கீறல் இருந்தால் அதற்குள் இறங்கிய எண்ணெய் மெல்ல மேலே கசிந்து, வெள்ளைத் தூளில் மயிரிழை போலக் கறுப்புக் கோடு ஒன்று தெரியும். அந்தப் பக்கத்தை வெட்டி எறிந்துவிடுவார். பிற்பாடு எஸ்டேட்டில் பெரிய வார்ப்புகளுக்கு இதே சோதனையைச் செய்தபோது, புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலையை ஃபோர்மேன் என்னிடம்தான் விட்டார்.

பட்டை என்பது என்ன எஃகு? நம் ஊர் லாரிகளில் வெகுகாலம் இருந்தது சிலிக்கான் மாங்கனீஸ் எஃகு. எஸ்டேட்டில் அதற்கு ஈஎன் 45 என்று பெயர். கரி, அதாவது கார்பன், அரை சதவீதத்துக்குச் சற்று மேல், சிலிக்கான் ஒன்றரையிலிருந்து இரண்டு சதவீதம், மாங்கனீஸ் ஒரு சதவீதத்தை ஒட்டி. பிறகு குரோமியம் கலந்த எஸ்யுபி 9 வகையும் வந்தது. லாரிக்குப் போகும்போது இதை இறுக்கிவிட்டு, 450 டிகிரிக்கு மேல் மறுபடியும் சூடு காட்டித் தணித்திருப்பார்கள். அதனால்தான் வளைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ராக்வெல் சி அளவில் அதன் கடினம் 42-லிருந்து 48-க்குள் இருக்கும். கத்தியின் வாய்க்கு இது போதாது. 45 இருக்கும் வாயைப் பலகையில் நாலு தரம் தட்டினால் மடங்கிவிடும். சமையல் கத்திக்கு 56, 57 வேண்டும். இளநீர்க் கத்திக்கு 53, 54 போதும். அதற்கு மேல் போனால் மட்டையில் மோதி வாய் தெறிக்கும். ஆகவே பட்டையை வெட்டித் தேய்த்து மட்டும் கத்தியாக்குகிறவர்கள், லாரிக்கான குணத்தைத்தான் சமையலறைக்கு விற்கிறார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு.

பெரியப்பா பட்டையைக் காய்ச்சித் தட்டி உருவம் கொண்டுவந்த பிறகு, துவைச்சலுக்கு, அதாவது காய்ச்சிய எஃகைச் சட்டென்று குளிரவைத்து இறுக்குவதற்கு முன்னால், சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுவார். மறுபடி காய்ச்சுவார், மறுபடி ஆறவிடுவார். ஒவ்வொரு தரமும் சூடு முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. சம்மட்டி அடியில் தாறுமாறாகக் கிடக்கும் உள்மணிகள் இதில்தான் சீராகின்றன. அவர் அப்படிச் சொல்லமாட்டார். ஓரத்தில் வெட்டிய துண்டை இறுக்கி உடைத்து, உடைந்த முகத்தை என் கண்ணருகே கொண்டுவருவார். “சக்கரை மாதிரி மின்னுதா? அப்பன்னா கெட்டுது. மின்னாம சாம்பலா இருக்கணும்.” நார்மலைசிங் என்ற சொல்லை எஸ்டேட்டில் கேட்கும் முன்பே அது எதற்கென்று எனக்குத் தெரிந்திருந்தது இந்தத் துண்டுகளால்தான்.

துவைச்சல் போடும் நேரம் பட்டறையில் பேச்சு இருக்காது. மேற்குப் பக்கம் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்குவார். நான் துருத்திச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் நுனி மட்டும் முதலில் வெந்துவிடும் என்பதால் நிதானமாகச் சுற்றச் சொல்வார். கத்தி கரிக்குள் மெல்லச் சிவக்கும். கருஞ்சிவப்பு, பிறகு இலந்தைப்பழச் சிவப்பு. ஒரு கட்டத்தில் சிவந்த இரும்புக்குள் நிழல் ஒன்று ஊர்ந்து போகிற மாதிரித் தெரியும். எஃகின் உள்ளமைப்பு மாறும்போது அது சூட்டை வாங்கிக்கொள்வதால் ஒரு கணம் நிறம் மங்குகிறது. அதுதான் அந்த நிழல். “நெறத்தப் பாருடா, என் மூஞ்சியப் பாக்காத” என்பார். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று கம்பியில் கட்டித் தொங்கும். கத்தியை அதனருகே நீட்டினால், 770 டிகிரி வாக்கில் காந்தம் இழுப்பதை விட்டுவிடும். பலர் அத்தோடு எடுத்து எண்ணெயில் போட்டுவிடுகிறார்கள். சிலிக்கான் உள்ள பட்டைக்கு அது போதாது. 850-ஐத் தாண்ட வேண்டும். காந்தம் விட்ட பிறகு நிழல் முழுக்க ஓடி மறைந்து, முதுகும் வாயும் ஒரே நிறத்துக்கு வரும்வரை அவர் காத்திருப்பார்.

தண்ணீரில் பட்டையைத் துவைக்கக் கூடாது. ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான், கத்தி போயிற்று. வெட்டிய டின்னில் எண்ணெய் வைத்திருப்பார். காய்ச்சிய இரும்புத் துண்டு ஒன்றை முதலில் அதில் போட்டு வெதுவெதுப்பாக்கிக்கொள்வார். வெதுவெதுப்பான எண்ணெய் இளகி ஓடும், சூட்டைச் சீக்கிரம் இழுக்கும். கத்தியைக் குறட்டில் பிடித்து, வாய்ப் பக்கத்தை மட்டும் நேராக இறக்குவார். பக்கவாட்டில் அசைக்கமாட்டார், முன்னும் பின்னுமாக மட்டும் நகர்த்துவார். முதுகு இன்னும் சிவப்பாக இருக்கும்போதே வெளியே எடுத்து, செங்கல் துண்டால் வாயருகே ஒரு தேய். கறுப்புச் செதில் போய் வெள்ளை இரும்பு தெரியும். இப்போது முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாயை நோக்கி நடந்து வரும், அதோடு நிறமும் வரும். முதலில் வெளிர் வைக்கோல் நிறம், அதன் பின்னால் பழுப்பு, கத்தரிப்பூ நிறம், மயில்கழுத்து நீலம். கறிக்கத்திக்கு வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் முழுக் கத்தியும் எண்ணெயில். இளநீர்க் கத்திக்குக் கத்தரிப்பூ வரும்வரை விடுவார். வைக்கோலுக்கும் நீலத்துக்கும் நடுவே 80 டிகிரிதான் வித்தியாசம், நேரமோ சில விநாடிகள். நான் பார்த்த கைவேலைகளில் இதைவிட நுட்பமானது எதுவும் இல்லை.

எஸ்டேட்டில் இதே வேலைக்கு எங்களிடம் சால்ட் பாத் இருந்தது. பெரிய தொட்டிகளில் உப்பு உருகி, தெளிந்த நெருப்புத் தண்ணீராக நிற்கும். ஒன்றில் முன்சூடு, ஒன்றில் இறுக்கும் சூடு, கடைசித் தொட்டியில் நைட்ரேட் உப்பு, டெம்பரிங் என்ற தணிப்புக்கு. உப்புக்குள் காற்று படாததால் எஃகின் மேல்தோலில் இருக்கும் கரி எரிந்துபோகாது. ஆனால் ஒரு சொட்டு ஈரம் உள்ளே போனால் போதும், நொடியில் ஆவியாகி உருகிய உப்பை முகத்தில் அள்ளி வீசும். அதனால் குளிர்ந்த ஜாபை யாரும் நேரே இறக்கமாட்டார்கள். மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் ஷிஃப்ட்டின் முதல் வேலை. சுவரில் சூடு காட்டும் மீட்டர், அதிலிருந்து குரோமல் அலுமல் தெர்மோகப்பிள், மேசையில் ராக்வெல் மிஷின். வைர முனை முதலில் 10 கிலோ பாரத்தில் இரும்பைத் தொடும், பிறகு 150 கிலோவில் அழுந்தும், முள் திரும்பி வந்து ஒரு எண்ணில் நிற்கும். அந்த எண்ணை டெலிவரி சலானில் எழுதினால்தான் பில் பாஸ் ஆகும்.

பெரியப்பாவின் கத்திகளை அந்த மிஷினில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை. துவைச்சல் முடிந்து இன்னும் சாணை பிடிக்காத சிலவற்றைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போனேன். ஃபோர்மேன் ஐடிஐ படித்தவர், கண்டிப்பானவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கலாம் என்றார். முதல் கத்தியின் வாயருகே முள் 30-ஐத் தாண்டவில்லை. அடுத்ததும் அப்படித்தான். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் மட்டும் நிதானமாக, “இரு, தோல் செத்திருக்கும்” என்றார். சிலிக்கான் எஃகைக் கரி நெருப்பில் நெடுநேரம் வைத்தால் மேல்தோலின் கரி போய்விடும். தோலைச் சோதித்தால் உள்ளே இருப்பது தெரியாது. கிரைண்டரில் மெல்லிசாக ஒரு படலம் எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். 57. அடுத்தது 56. அதற்கடுத்தது 48. பிறகு ஒன்று 60.

“இதுங்க எல்லாம் ஒரே நாள்ல போட்டதா?” என்று கேட்டார்.

இல்லை. முதல் இரண்டும் இருட்டிய பிறகு போட்டவை. மற்றவை, அறுப்புக் காலத்து அவசரத்தில் பட்டப்பகலில் போட்டவை. சாக்குத் திரைக்கு மீறிச் சித்திரை வெயில் உள்ளே வந்த நேரம். பகல் வெளிச்சத்தில் 850 டிகிரிச் சிவப்பு மங்கலாகத் தெரியும், இன்னும் சூடு வேண்டும் என்று தோன்றும். மேகம் மூடினால் அதே சிவப்பு பளிச்சென்று தெரிந்து, போதும் என்று தோன்றும். வைக்கோல் நிறத்தையும் வெயிலில் பிரித்தறிய முடியாது. ஃபோர்மேன் அந்தக் கத்திகளைத் திருப்பிக் கொடுக்கும்போது, “அவர் கண்ணுல குறை இல்ல. கூரையப் போட்டு மூடச் சொல்லு” என்றார்.

பெரியப்பாவிடம் சொன்னதும் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் 48 காட்டிய கத்தியை வாங்கி, அரத்தால் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். அரம் கடித்தது. 60 காட்டியதில் வழுக்கியது. “எங்கப்பா கோழி கூப்புடற நேரத்துல தாண்டா துவைச்சல் போடுவாரு. நாந்தான் ஆர்டர் ஜாஸ்தியாச்சுன்னு பகல்ல போட ஆரம்பிச்சேன்” என்றார். விற்பனைக்கு வைத்திருந்த பகல் கத்திகளை எல்லாம் எடுத்து மறுபடியும் உலையில் வைத்தார். அதன் பிறகு துவைச்சல் எல்லாம் விடியலுக்கு முன்புதான். இளநீர்க்காரர்கள் காத்திருந்து வாங்கிப் போனார்கள்.

மீட்டர் மட்டும் இருந்தால் போதும் என்று இதிலிருந்து யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. தெர்மோகப்பிள் கம்பியும் சூட்டில் கிடந்து கிடந்து பழுதாகும். உள்ளதைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கும். மீட்டர் 850 என்று நிற்கும், தொட்டி உண்மையில் 900-ல் கொதிக்கும். ஃபோர்மேன் தினமும் காலையில் மீட்டரைப் பார்க்கும் முன் தொட்டியின் நிறத்தைப் பார்ப்பார். நிறமும் எண்ணும் ஒத்துவராத நாளில் ஜாபை நிறுத்திவிட்டுப் புதுத் தெர்மோகப்பிள் போடச் சொல்வார். உற்பத்தி நிற்கிறதே என்று ஆபீசிலிருந்து யார் வந்தாலும் அசையமாட்டார்.

சூட்டைப் பிடிக்கத் தெரியாததால் நல்ல எஃகு கெட்ட பெயர் வாங்கிய கதை உலகத்தில் ஒன்று உண்டு, அது நம் எஃகின் கதை. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழ்ந்தபோது இரும்பு எஃகுத் தொழிலின் தடயங்கள் கிடைத்தன. பழைய தென்னார்க்காட்டின் மேல்சிறுவளூரில் மூசையில் எஃகு உருக்கிய இடத்தை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டெடுத்து எழுதியிருக்கிறார். தென்னிந்தியாவின் இந்த உருக்கு ஊட்ஸ் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குப் போனபோது, அங்கே பல கொல்லர்கள் சம்மட்டி பட்டதும் பொடிந்துபோகிறது என்று கைவிட்டார்கள். கரி மிகுந்த அந்த எஃகைத் தங்கள் இரும்புக்குக் காட்டும் அதே சூட்டுக்குக் கொண்டுபோனதுதான் காரணம். லண்டனில் கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து இந்த எஃகை ஆராய்ந்து 1820-ல் கட்டுரை வெளியிட்டவர் மைக்கேல் ஃபாரடே. அவரே ஒரு கொல்லரின் மகன். இதைப் பெரியப்பாவிடம் படித்துச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: “அவங்க ஊர்ல என்ன கரி?”

இப்போது மொட்டை மாடியில் சின்ன காஸ் உலை வைத்துக்கொண்டு, பழைய பட்டையில் கத்தி செய்து பார்க்கும் இளைஞர்கள் சிலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். அவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். கீறல் பாருங்கள். ராத்திரியில் போடுங்கள். எண்ணெய் டின்னுக்கு மூடி ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். தீப்பிடித்தால் மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயில் வேண்டாம், அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது. குவென்ச் ஆயில் கிடைக்காவிட்டால் கடலை எண்ணெய் போதும். துவைத்த கத்தியை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். டெம்பர் ஆகாத கத்தி சிமென்ட் தரையில் விழுந்தாலே இரண்டாகிவிடும், சில சமயம் விழாமலே பிளக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கேக் சுடும் ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி ஒரு மணி நேரம். பெரியப்பாவின் நிறக் கணக்கு சில விநாடிச் சூட்டுக்கு ஆனது. ஓவனில் நிறத்தை நம்ப வேண்டாம், நேரத்தை நம்புங்கள்.

திருமழிசைப் பட்டறை இருந்த இடத்தில் இன்று டைல்ஸ் கடை. எஸ்டேட்டில் பல கம்பெனிகள் ஐடி கட்டடங்களுக்கு இடம் விட்டுவிட்டன. ஆனாலும் ஹீட் ட்ரீட்மென்ட் போர்டுகள் அம்பத்தூர்த் தெருக்களில் இன்னும் தொங்குகின்றன. ஆயுத பூஜைக்கு இன்னும் சால்ட் பாத் தொட்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். ஆவடி, பூவிருந்தவல்லிச் சாலையோரங்களில் உலை வைத்துக் கத்தி தட்டுகிறவர்களையும் அவ்வப்போது பார்க்கலாம்.

அடுத்த முறை அவர்களிடம் கத்தி வாங்கும்போது, என்ன பட்டை என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். துவைச்சல் எப்போது போட்டது, எண்ணெயிலா தண்ணீரிலா என்று கேளுங்கள். போட்டவர் உற்சாகமாகப் பதில் சொல்வார், போடாதவர் பேச்சை மாற்றுவார். வீட்டிலிருக்கும் பழைய அரிவாள்மனையைச் சாணைக்குக் கொடுத்தால், பக்கத்தில் தண்ணீர் வைத்து முக்கி முக்கித் தீட்டச் சொல்லுங்கள். பொறி பறக்க ஒரே மூச்சில் தீட்டி வாய் நீலமானால் துவைச்சல் போய்விட்டது என்று அர்த்தம். அப்படிப் போனதைக் குப்பையில் போடாமல் ஒரு கொல்லரிடம் கொண்டுபோய்ப் புதுத் துவைச்சல் போடச் சொல்லுங்கள்; அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.